குதிரைக்கு லாடத்தோட பேட் போடலாமா? முதல்ல லாடத்தக் கழட்டிப் பாருங்க

ஈத்தாமொழி பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அவருகிட்ட 9 வயசுல ஒரு மார்வாரி கலப்புப் பெண்குதிரை இருக்கு, ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில வாங்கினது. கல்யாண ஊர்வலம், கோயில் ஊர்வலம், லீவு நாள்ல சொத்தவிளை பீச்சுல புள்ளைங்கள ஏத்தி சவாரி, இதுதான் அதுக்கு வேலை. மணல்ல நல்லா நடக்குது, ஆனா தார் ரோட்டுக்கோ ஜல்லி கிடக்குற பாதைக்கோ வந்தா முன்னங்கால் ரெண்டையும் சின்னச்சின்னதா எடுத்து வைக்குது, ஓரத்துல புல்லு இருந்தா அங்க ஒதுங்கிப் போகப் பாக்குது. புரட்டாசியில அடிச்ச லாடம் கார்த்திகை முடியப்போற இந்த நேரத்துலயும் அப்படியே கிடக்கு. லாடம் அடிக்கிறவரு, லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவுல ரப்பர் பேட் வச்சு அடிச்சா எல்லாம் சரியாயிரும்னு சொல்லியிருக்காரு. தம்பி கேக்குறது என்னன்னா, பேட் போடலாமா, போட்டா எந்த மாதிரி, நம்ம மாவட்டத்துல ரப்பருக்கா பஞ்சம் அதனால ரப்பர் ஷீட்டோ பழைய டயரோ வெட்டி வச்சா போதாதா, மழையில ஏதாவது ஆகுமா, தை முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு அதுக்குள்ள குதிரை தயாராயிருமா.

தம்பி, உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப உதவியா இருந்தது அந்த ஒரு வரிதான், மணல்ல நடக்குது ஜல்லியில நடக்க மாட்டேங்குதுன்னு எழுதினீங்களே அது. நிறைய பேரு குதிரை நொண்டுதுன்னு மட்டும் எழுதுவாங்க, எங்க எப்பன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க பாத்துருக்கீங்க. மேல தோள்லயோ முட்டியிலயோ வலின்னா காலு புதையுற மணல்ல தூக்கி வைக்கத்தான் பொதுவா கஷ்டப்படும், மெத்துன்னு இருக்குற இடத்துல சுகமா நடந்து கல்லு மேல மட்டும் கூசுதுன்னா வலி பெரும்பாலும் அடிக்குளம்புல தான் இருக்கும், நாங்க சோல்னு சொல்லுற அந்த அடித்தளத்துல. ரெண்டு முன்னங்காலும் ஒண்ணுபோல கூசுறதும் அதையே தான் காட்டுது.

இனி பேட் போடலாமாங்குற கேள்வி. போடலாம், ஆனா இன்னைக்கு இல்ல. கால்ல தைச்ச முள்ள எடுக்காம அதுக்கு மேல புது செருப்பு வாங்கிப் போட்ட மாதிரி ஆயிரும். வலி எங்க இருந்து வருதுன்னு தெரியாம பேட் வச்சு மூடிட்டா, 5 வாரம் அந்த இடத்தக் கண்ணால பாக்க முடியாது, விரல வச்சு அமுக்க முடியாது, உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது.

முதல்ல நான் சந்தேகப்படுறது அந்தப் பழைய லாடத்தத்தான். குதிரைக் குளம்பு மாசத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரைக்கும் வளரும். புரட்டாசியில இருந்து கணக்கு போடுங்க, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல வளந்துருக்கும். வெறுங்காலா இருந்தா தரையில ஒரசி தேஞ்சுரும், லாடம் இருக்கும்போது தேய வழியில்ல, அதனால குளம்பு முன்னால நீண்டுக்கிட்டே போகும், லாடமும் அதோட சேந்து முன்னுக்கு நகந்துரும். அப்போ லாடத்தோட பின்முனை ரெண்டும் குதிகால் சுவரு, அதாவது குளம்போட கெட்டியான வெளி ஓடு, அது மேல உக்காராம உள்ளுக்கு எறங்கி, குதிகால் பக்கத்து அடிக்குளம்ப அமுக்கும். ஒவ்வொரு அடியிலயும் அதே எடத்துல இரும்பு அமுக்கினா உள்ள ரத்தம் கட்டிரும். குதிரையோட எடையில கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்னங்கால்ல தான் நிக்குது, அதனாலதான் முன்னங்காலு முதல்ல சொல்லுது. 5 வாரத்துக்கு ஒரு தடவை, ரொம்ப இழுத்தா 6 வாரம், அதுக்குள்ள லாடத்தக் கழட்டி குளம்பச் சீவி திரும்ப அடிக்கணும். லாடம் தேயலைலா அப்புறம் எதுக்கு மாத்தணும்னு கேப்பாங்க, லாடம் தேயாட்டாலும் குளம்பு வளருதே. இரும்பு நல்லா இருந்தா அதே லாடத்தையே திரும்ப அடிக்கலாம், காசும் மிச்சம்.

லாடம் அடிக்க ஆளு கிடைக்கதில்லன்னு எழுதியிருக்கீங்க, அது உண்மையான கஷ்டம் தான், நம்ம பக்கம் காளைக்கு லாடம் அடிக்கிறவங்களே கொறஞ்சு போயாச்சு, குதிரைக்கு எங்க போக. இது இன்னைக்கு நேத்து வந்த பிரச்சனையும் இல்ல. 13ஆம் நூற்றாண்டு கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்காரு, கடல் வழியா வருசா வருசம் ஆயிரக்கணக்குல குதிரை வந்து எறங்குது, பாக்கத் தெரிஞ்ச ஆளு இல்லாம செத்துப் போவுது, குதிரை விக்கிற வியாபாரிங்க வைத்தியம் பாக்குற லாடக்காரங்கள இந்தப் பக்கம் வரவே விடுறதில்ல, குதிரை சாகச்சாகத்தான் அவங்களுக்கு யாவாரம்னு. அந்தக் குதிரைங்க எறங்கின காயல் துறைமுகம் நமக்குப் பக்கத்துல தூத்துக்குடி மாவட்டத்துல தான். அதனால உங்களுக்குக் கிடைச்ச அந்த லாடக்காரர விட்டுராதீங்க, பக்கத்துல குதிரை வச்சிருக்குற ரெண்டு மூணு பேரு சேந்து ஒரே நாள்ல அவர வரவச்சா அவருக்கும் கட்டுப்படி ஆகும், 5 வாரக் கணக்கும் தவறாது.

இப்போ லாடத்தக் கழட்டச் சொல்லுங்க. மடக்கி விட்ட ஆணி நுனிய முதல்ல நிமித்திட்டு, ஒவ்வொரு ஆணியா எடுக்கணும், ஒரேயடியா நெம்பி இழுத்தா குளம்புச் சுவரு பிஞ்சு வரும், பொறவு ஆணி அடிக்க எடம் இருக்காது. கழட்டினதும் அடிக்குளம்ப பிரஷ் போட்டு நல்லா கழுவி, தொடச்சு, வெளிச்சத்துல நீங்களே பாருங்க. செவப்பா ஊதாவா கறை தெரியுதா, குறிப்பா குதிகால் மூலையிலயும் முன்னாடி நுனிப் பக்கமும். லாடம் உக்காந்த அடையாளம் வெளி ஓரத்தத் தாண்டி உள்ளுக்கு பளபளன்னு தெரியுதுன்னா இரும்பு அடிக்குளம்பு மேல ஏறி நின்னிருக்குன்னு அர்த்தம். அடிக்குளம்பு உள்பக்கமா கொஞ்சம் குழிஞ்சு இருக்கணும், தட்டு மாதிரி சப்பையா இருக்கா பாருங்க. கட்டைவிரல வச்சு ஃப்ராக்கோட நுனிக்கு முன்னால, நடுவுல முக்கோணமா மெத்துன்னு இருக்குமே அதுக்கு முன்னால, பலமா அமுக்குங்க. அமுக்குனா உள்ள போய் வருதுன்னா சோல் ரொம்ப மெலிஞ்சு கிடக்கு.

குளம்புக்குள்ள இருக்குற கடைசி எலும்புக்கும் தரைக்கும் நடுவுல ஒரு 15 மில்லிமீட்டராவது சோல் இருந்தாத்தான் குதிரை கல்லு மேல தைரியமா நடக்கும். 10க்குக் கீழ வந்துட்டா ஒவ்வொரு ஜல்லியும் அந்த எலும்புக்கு அடியில இருக்குற உயிருள்ள சதையக் குத்தும். எப்படி மெலியுதுங்கிறீங்களா? சில குதிரைக்குப் பொறப்புலயே அப்படி. சிலதுக்கு எப்பவும் ஈரத்துல நின்னு ஊறி. ஆனா நான் இங்க அதிகமாப் பாக்குறது கத்தி வேலை தான். லாடம் அடிக்கும்போது அடிக்குளம்ப வெள்ளையா பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் செதுக்குவாங்க, ஃப்ராக்கயும் சுத்தி வெட்டி அழகா வி மாதிரி ஆக்குவாங்க, பாக்குறதுக்கு நீட்டா இருக்கும், குதிரைக்கு அது மொத்தமும் நட்டம். தானா உதுந்து வர்ற பொடிய மட்டும் எடுத்தாப் போதும், கெட்டியா இருக்குற சோல்ல கத்தி படவே கூடாது, ஃப்ராக்குல தொங்குற கிழிசலயும் அழுக்கு தேங்குற மடிப்பயும் மட்டும் எடுக்கணும். இத நீங்க பக்கத்துல நின்னு மரியாதையா சொல்லுங்க. அண்ணே, அடியில கத்தி வைக்காண்டாம், சுவர மட்டும் அரம் போட்டு சமப்படுத்துங்கன்னு. கோவிச்சுக்கிட மாட்டாரு, கோவிச்சாலும் பரவால்ல.

பேட் பக்கமே போகக்கூடாத சில நிலைமை இருக்கு, அத இங்க சொல்லிட்டுத்தான் மேல போகணும். நேத்து வரைக்கும் நல்லா இருந்த குதிரை இன்னைக்கு காலையில ஒரு கால தரையிலயே ஊன மாட்டேங்குதுன்னா குளம்புக்குள்ள சீழ் கட்டியிருக்கலாம், அத டாக்டர் வழி பண்ணி வெளியேத்தணும், மூடினா சீழு மேல ஏறி குளம்புக்கும் தோலுக்கும் சேருற இடத்துல ஒடைக்கும். ஆணி குத்தியிருந்தாலும் அதேதான், அதுவும் அந்த ஆணிய நீங்களா உருவிப் போட்டுராதீங்க, குதிரை மிதிச்சு இன்னும் ஏறாமப் பாத்துக்கிட்டு உடனே டாக்டரக் கூப்பிடுங்க, எந்த எடத்துல எவ்வளவு ஆழம்னு பாக்கணும். காயம் வழியா வர்ற ரணஜன்னி, அதான் டெட்டனஸ், குதிரைக்கு வர்ற மாதிரி வேற வீட்டு மிருகம் எதுக்கும் அவ்வளவு சுலபமா வராது, வந்தா காப்பாத்துறதும் கஷ்டம். தடுப்பூசி போட்டிருக்கான்னு உங்க லெட்டர்ல ஒண்ணும் இல்ல. சந்தையில வாங்கின குதிரைக்கு போட்டிருக்கும்னு நம்பாதீங்க, இந்த வாரமே டாக்டர்கிட்ட கேட்டுப் போட்டுருங்க.

இன்னொண்ணு லாமினைட்டிஸ். குளம்புச் சுவரயும் எலும்பயும் பிடிச்சு வைக்கிற அடுக்கு வீங்கி விட்டுப்போறது. முன்னங்கால் ரெண்டயும் முன்னால நீட்டி, எடைய பின்னங்காலுக்குச் சாச்சு நிக்கும், திரும்பச் சொன்னா ரொம்ப கஷ்டப்படும், குளம்பு சுடும், கணுக்காலுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் விரல வச்சா நாடி டொக்கு டொக்குன்னு துடிக்கும். சும்மா நிக்கிற குதிரைக்கு அந்த நாடி தேடினாத்தான் லேசாத் தெரியும், அதனால நல்லா இருக்குற நாள்லயே தொட்டுப் பழகிக்கிடுங்க. ஊர்வலக் குதிரைக்கு இது வர்ற வழி எனக்குத் தெரியும். கல்யாண வீட்டுல ஆசையா சோறு வைப்பாங்க, பாயசம் வைப்பாங்க, லட்டு குடுப்பாங்க, கோயில்ல பொங்கலும் சர்க்கரையும், எல்லாரும் அன்பாத்தான் குடுக்காங்க, ஆனா அவ்வளவு மாவுச்சத்தும் இனிப்பும் ஒரே நாள்ல குடலுக்குப் போனா அது நேரா குளம்புல வந்து நிக்கும். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னு சொல்லுங்க. இந்த அறிகுறி எது தெரிஞ்சாலும் அன்னைக்கே டாக்டரக் கூப்பிடணும், வர்ற வரைக்கும் நடக்க விடாம, தானியம் நிறுத்திட்டு, குளம்ப ஐஸ் தண்ணியில வச்சிருங்க. முதல் ரெண்டு மூணு நாள் குளிர்ச்சி குடுக்குறது நெசமாவே காப்பாத்தும். பேட் எல்லாம் அதுக்குப் பொறவு எக்ஸ்ரே பாத்துட்டுப் பேசுற விஷயம்.

உங்க குதிரைக்கு இதெல்லாம் இருக்குற மாதிரி லெட்டர்ல தெரியல. பழைய லாடத்தால சோல் நசுங்கினதும், மெலிஞ்சு போனதும் தான் இருக்கும்னு நெனைக்கேன். அப்படின்னா நாகர்கோவில்ல கால்நடை மருத்துவர்கிட்ட ஒரு தடவை காட்டி, ஹூஃப் டெஸ்டர்ங்குற இடுக்கி வச்சு எங்க வலின்னு அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க. சந்தேகம் தீரலைன்னா ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, போறதுக்கு முன்னாடி குதிரைக் குளம்புக்கு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க முடியுமான்னு கேட்டுக்கிட்டுப் போங்க. அந்த ஒரு படத்துல சோல் எத்தன மில்லிமீட்டர்னு அளந்துரலாம், பொறவு ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல வேலையில்ல.

சரி, பேட். கடையில விக்கிறவங்க அதிர்ச்சி தாங்கும் அதிர்ச்சி தாங்கும்னு சொல்லித்தான் விப்பாங்க. அதிர்ச்சிய ஓரளவு குறைக்கும்தான், ஆனா என் கணக்குல பேட்டோட பெரிய உபயோகம் அது இல்ல, கல்லு நேரா சோலக் குத்தாமத் தடுக்குறது தான். உங்க குதிரைக்கு வேணுங்கிறதும் அதுதான். அதுக்கு முழு பேட் வேணும், குளம்போட அடி மொத்தத்தையும் மூடுறது. லாடத்தோட வடிவத்துலயே நடுவுல தொறந்து இருக்குற ரிம் பேட் ஒண்ணு கிடைக்கும், அது லாடத்த சோல்ல இருந்து கொஞ்சம் தூக்கி வைக்கும், அடிக்குளம்பு காத்தாட இருக்கும், மணல்ல வேலை செய்யுற குதிரைக்கு அது தொல்லை குறைவு, ஆனா ஜல்லி நடுவுல குத்துறத அது தடுக்காது. குதிகால் பக்கம் தடிமனா சரிவா இருக்குற வெட்ஜ் பேட் யாராவது சொன்னா, எக்ஸ்ரேயும் டாக்டரும் சொல்லாம வைக்காதீங்க. கொஞ்ச நாள் சுகமாத் தெரியும், ஆனா எடை முழுக்க குதிகாலுக்குப் போய் ஏற்கெனவே பலமில்லாத குதிகால இன்னும் நசுக்கி முன்பக்கமா மடக்கிரும், அத திருப்பிக் கொண்டுவர மாசக்கணக்கு ஆகும்.

தோல் பேட்டா பிளாஸ்டிக் பேட்டான்னு கேட்டா, காஞ்ச ஊருல நான் தோல் பேட்டத்தான் சொல்லுவேன், குளம்புக்கு அது ரொம்ப இதமானது. ஆனா நம்ம மாவட்டத்துல ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழை, ரெண்டு பருவமும் நமக்குத்தான். தோலு தண்ணி குடிச்சு உப்பும், காஞ்சா சுருங்கும், மிதிபட்டு மிதிபட்டு சப்பையாகும், அப்போ ஆணிக்கும் லாடத்துக்கும் நடுவுல எடம் விழுந்து லாடம் ஆடும். அதனால உங்களுக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர்ல கெட்டியான பாலியூரித்தேன்ங்குற பிளாஸ்டிக் பேட் நல்லது.

அந்த கெட்டியாங்குற வார்த்தையில தான் உங்க டயர் கேள்விக்குப் பதில் இருக்கு. நம்ம ஊருல குலசேகரம், கீரிப்பாறைன்னு எங்க போனாலும் ரப்பர் தோட்டம், ஷீட்டு காயப்போட்டு கிடக்குறத பாத்தா யாருக்கும் இந்த யோசனை வரும். ஆனா மெத்துன்னு இருக்குற ரப்பர லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவுல வச்சா, ஒவ்வொரு மிதிக்கும் அது அமுங்கி அமுங்கி எழும்பும், ஆணி அந்த அசைவுல மேலயும் கீழயும் ஒரசும், குளம்புச் சுவத்துல ஆணி ஓட்டை பெருசாகும், மடக்கின நுனி நிமிரும், ரெண்டு வாரத்துல லாடம் தொங்கும். பாதி கழண்ட லாடத்த குதிரை தானே மிதிச்சு அதோட ஆணியே சோல்ல ஏறிரும், அத விட மோசம் வேற இல்ல. டயர்ல இன்னொரு ஆபத்து, இப்போ வர்ற ரேடியல் டயருக்குள்ள ஸ்டீல் கம்பி இருக்கு, வெட்டுன ஓரத்துல அது நீட்டிக்கிட்டு நிக்கும், தடிமனும் ஒண்ணுபோல இருக்காது, ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே குதிரை கோணலா மிதிக்கும். குதிரைக்குன்னு செஞ்ச பேட்டே வாங்குங்க. ரப்பர் வேணும்னா அது நிக்கிற லாயத்துல தரையில விரிங்க, சிமெண்டு தரையில நாள் முழுக்க நிக்கிற குதிரைக்கு ரப்பர் மேட் பெரிய ஆறுதல்.

அடிக்கும்போது பாக்க வேண்டியது. குளம்பச் சமமாச் சீவி, நல்லா காய வச்சு, ஃப்ராக்கோட ஓரக் குழியில கறுப்பா நாத்தம் அடிக்கிற கசிவு இருந்தா அன்னைக்கு பேட் வைக்காதீங்க, அது குளம்பு அழுகல், காத்து இல்லாத எடத்துல தான் அந்தக் கிருமி செழிக்கும், பேட் வச்சு மூடுறது அதுக்கு வீடு கட்டிக் குடுக்குறதுக்குச் சமம். முதல்ல அத ஆத்தணும், தினமும் சுத்தம் பண்ணி, டாக்டர் சொல்லுற மருந்து வச்சு, காஞ்ச எடத்துல நிறுத்தி. ஆறினதும் பேட்ட லாடத்தோட வெளி வரம்புக்குச் சரியா வெட்டி, பின்முனையில ரிவெட் போட்டு லாடத்தோட சேத்துப் பிடிச்சு, பொறவு குளம்புல அடிக்கணும். பேட்டோட தடிமன் கூடுறதால ஆணி ஒரு சைஸ் நீளம் கூடுதலா வேணும், பழைய ஆணியவே அடிச்சா சுவத்துல பிடிப்பு கொறைஞ்சு போகும். ஆணி எல்லாம் குளம்போட அகலமான எடத்துக்கு முன்னாலயே நிக்கணும், குதிகால் பக்கம் அடிச்சா குளம்பு மிதிக்கும்போது விரியுறது நின்னுரும்.

இனி ரொம்ப முக்கியமான ஒண்ணு, பேட்டுக்கும் சோலுக்கும் நடுவுல இருக்குற அந்த வெத்து எடம். அத சும்மா விடவே கூடாது. அதுவும் நீங்க கடற்கரைக்காரரு. சொத்தவிளையில ரெண்டு நடை போனாப் போதும், குதிகால் பக்கத்து இடுக்கு வழியா மணலு உள்ள ஏறி, ஈரத்தோட சேந்து சிமெண்டு மாதிரி இறுகி, உள்ள இருந்தே சோல அமுக்கும். கல்லு குத்துறதுக்கு பயந்து பேட் போட்டு, உள்ளயே கல்ல வச்ச கதை ஆயிரும். பழைய முறையில பைன் மரத் தார்ல நார முக்கி அடைப்பாங்க, இப்போ குளம்புக்குன்னே வர்ற சிலிக்கான் இருக்கு, பின்பாதியிலயும் ஃப்ராக்கோட குழியிலயும் நல்லா நெரப்பணும், நுனிப் பக்கம் எலும்புக்கு நேரா இருக்குற எடத்துல திணிச்சு அடைக்காதீங்க, அங்க லேசாப் போதும். அது இறுகுற வரைக்கும் கால கீழ விடாமப் பிடிச்சிருக்கணும். ஊத்தினா இறுகுற யூரித்தேன் பேட்டும் இருக்கு, அது சோலோட ஒட்டிக்கிடும், மணலு ஏற வழியே இல்ல, உங்க வேலைக்கு அது ரொம்ப பொருத்தம், ஆனா பழகின கை வேணும், அழுகல் இருக்குற குளம்புல ஊத்தினா ஆபத்து.

இவ்வளவும் செஞ்சாலும் கொட்டுற மழையில பேட் வைக்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். இப்போ கார்த்திகை மழை கிடக்கு, லாயத்துல தண்ணி தேங்கும், நீங்க கடல்ல கொண்டு குளிப்பாட்டுறதாவும் எழுதியிருக்கீங்க. உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம சோல் ஊறி வெள்ளையா, நெகிழ்ந்து போய், பேட் கழட்டும்போது முன்ன இருந்தத விட மோசமா இருக்கும். அதனால மார்கழி மாசத்த ஓய்வா வையுங்க. முகூர்த்தமும் இல்ல, உங்களுக்கும் நட்டம் கொறைவு. லாடம் இல்லாம, நல்லாச் சீவி ஓரத்த உருட்டி விட்டு, காஞ்ச மணலோ தேங்கா நார்க் கழிவோ பரப்பின எடத்துல நிறுத்துங்க, ஈத்தாமொழியில நார்க் கழிவுக்கு நீங்க அலைய வேண்டியதில்ல, அது ஈரத்த நல்லா குடிக்கும், ஆனா நனைஞ்சத அப்பப்போ மாத்தணும். காலையில சாயந்திரம் மெத்துன எடத்துல நடத்துங்க, ஜல்லியில கூட்டிட்டுப் போகாண்டாம். கடல் குளியல நிறுத்தி வையுங்க, குளிப்பாட்டினா நல்ல தண்ணி விட்டுக் கழுவி குளம்பத் தொடச்சு விடுங்க. இந்த ஓய்வுலயே ரத்தக்கட்டு பெரும்பாலும் ஆறிரும்.

தையில மழை விட்டதும் புது லாடம். அப்பவும் நேரா பேட்டுக்குப் போகாண்டாம்னு தான் சொல்லுவேன். முதல்ல பட்டை அகலமான லாடம், உள்பக்கம் சோலத் தொடாம குழிச்சு அடிச்சது, அத மட்டும் போட்டு தார் ரோட்டுல நடத்திப் பாருங்க. நல்லா நடந்தா பேட்டே தேவையில்ல. அப்பவும் கூசுதுன்னா, இல்ல எக்ஸ்ரேயில சோல் மெலிசுன்னு வந்தா, முன்னங்கால் ரெண்டுக்கும் மட்டும் முழு பேட், 5 வாரத்துல கழட்டி கழுவி சோலப் பாத்து திரும்ப ஒரு 5 வாரம், பொறவு இல்லாம நடத்திப் பாக்கணும். வருசம் முழுக்க பேட்டுலயே வச்சிருந்தா சோல் கல்லு பழகாமலே போயிரும். கழட்டின கையோட ஜல்லியில ஏத்தாதீங்க, ரெண்டு வாரம் மெத்துன எடத்துல பழக்கணும்.

பேட் இருக்குற நாள்ல தினமும் குளம்பத் தூக்கிப் பாக்கணும், பேட் இருக்கேன்னு விட்டுராதீங்க. லாடத்த கையால ஆட்டிப் பாருங்க, ஆணி நுனி எந்திரிச்சிருக்கா தடவிப் பாருங்க, குதிகால் பக்கம் மூக்க வச்சு மோந்து பாருங்க, சூடும் நாடியும் பாருங்க. நாத்தம் வந்தா 5 வாரம் ஆகட்டும்னு காத்திருக்காதீங்க, அன்னைக்கே கழட்டணும். இன்னொரு விஷயம், வழுவழுன்னு இருக்குற பேட் ஈரமான எடத்துல பிடிப்பு குடுக்காது. கோயில் கல்தளத்துல எண்ணெயும் தண்ணியும் சிந்தி கிடக்கும், கல்யாண மண்டப வாசல்ல டைல்ஸ் போட்டிருப்பாங்க, மேல மாப்பிள்ளை இருக்காரு, சுத்தி செண்டை மேளம், வெடி. அந்த எடத்துல குதிரை வழுக்கினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்லா. மண்டபத்துக்காரங்ககிட்ட முன்னாலயே பேசி, டைல்ஸ்ல ஏத்தாம வாசலுக்கு வெளியவே எறக்குங்க.

தீனி பத்தி ரெண்டு வார்த்தை, நீங்க கேக்கலைன்னாலும். தவிடும் தேங்காப் புண்ணாக்கும் தான் அதிகம் போடுறதா எழுதியிருக்கீங்க. தவிட்டுல பாஸ்பரஸ் ரொம்ப கூடுதல், கால்சியம் கொறைவு, அதையே நம்பி இருந்தா எலும்புக்கு நல்லதில்ல. புல்லும் காஞ்ச தீவனமும் தான் முதல்ல, மத்ததெல்லாம் அளவா. குளம்பு வளர பயோட்டின்ங்குற வைட்டமின் குடுக்கலாம், ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் வரைக்கும், ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் முன்குளம்பு புதுசா வளர 9 முதல் 12 மாசம் ஆகும், அதனால அதோட பலன அடுத்த வருசம் தான் பாப்பீங்க.

தை முதல் முகூர்த்தத்துக்கு குதிரை தயாராயிரும்னு நான் இப்போ வாக்கு குடுக்க முடியாது. தை பொறந்து லாடம் அடிச்சதும் தார் ரோட்டுல நேரா நடத்தியும் ரெண்டு பக்கமும் திருப்பியும் பாருங்க, கூச்சம் இல்லன்னா சம்மதிக்கலாம், கொஞ்சம் கூசினாலும் அந்த முதல் ஆர்டர வேற குதிரைக்காரருக்கு மாத்தி விட்டுட்டு அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துருங்க. வலி மாத்திரை குடுத்து ஓட்டிரலாம்னு யாராவது சொன்னாக் கேக்காதீங்க, வலி தெரியாம அது அழுத்தி மிதிச்சு உள்ள இன்னும் கெடும். மனுசனுக்கு மெடிக்கல்ல விக்கிற மாத்திரைய வாங்கிப் போடவே கூடாது.

லாடத்தக் கழட்டி கழுவினதும் எனக்குப் படம் அனுப்புங்க. குதிரைய சமமான தரையில நிறுத்தி, போன தரையோட ஒட்டி வச்சு பக்கவாட்டுல ஒண்ணு, முன்னால இருந்து ஒண்ணு, கால மடக்கித் தூக்கி அடிக்குளம்பு முழுசாத் தெரியுற மாதிரி நேரா ஒண்ணு, நாலு காலுக்கும் இப்படி. சீவுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சீவினதுக்குப் பொறவு ஒரு தடவை. கழட்டின லாடத்தத் தூரப் போட்டுராதீங்க, எந்தப் பக்கம் அதிகமாத் தேஞ்சிருக்குன்னு பாக்கணும், அதையும் ஒரு படம் எடுத்து எது எந்தக் கால்னு எழுதி அனுப்புங்க.